‘ஆஸ் ஃபார் ஆஸ்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதும், கேட்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. ‘ஆஸ் ஃபார் ஆஸ்’ (as far as) என்ற ஆங்கிலத் தொடரைப் பற்றி வருஷக்கணக்காக ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றுமே சின்னக் குழந்தைக்குத் தெரிந்த சொற்கள்தான், ஆனால் சேர்ந்து வரும்போது ஒரு சமயம் தூரத்தைச் சொல்கின்றன, ஒரு சமயம் அளவைச் சொல்கின்றன, ஒரு சமயம் “இதுக்கு மேல என்னைக் கேட்காதே” என்கின்றன. கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபடும்.

இதற்குத் தமிழில் சரியான சொல் எது?

வரை. அவ்வளவுதான்.

அகராதியில் ஏழெட்டுப் பொருள் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். தூரமாக இருந்தாலும், தெரிந்த விஷயமாக இருந்தாலும், நம் பொறுப்பாக இருந்தாலும் இந்தத் தொடர் செய்வது ஒரே வேலை: ஓர் இடத்தில் கோடு போட்டு, “இதுவரை” என்கிறது. நம்முடைய ‘வரை’யும் அதே வேலையைத்தான் செய்கிறது, அந்தச் சொல்லுக்கே கோடு, எல்லை என்றெல்லாம் பொருள் உண்டு, வரையறை என்பதும் அங்கிருந்துதான் வருகிறது. பாலம் வரை நடந்தேன், எனக்குத் தெரிந்தவரை, என்னைப் பொறுத்தவரை, முடிந்தவரை, கண்ணுக்கு எட்டியவரை. இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், ஐந்திலும் ‘ஆஸ் ஃபார் ஆஸ்’ வரும். வேறு வேறு குடும்பத்து மொழிகள், ஆனாலும் தூரத்துக்கு உண்டான சொல்லை எடுத்து அறிவுக்கும் கருத்துக்கும் பொருத்த வேண்டும் என்று இரண்டுக்கும் தோன்றியிருக்கிறது. இதை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அப்படியானால் ‘வரை’ வரும் இடத்திலெல்லாம் ‘ஆஸ் ஃபார் ஆஸ்’ போட்டுவிடலாமா?

கூடாது. பெரும்பாலான தவறுகள் பிறப்பதே இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழில் ‘வரை’ எல்லாவற்றுக்கும் பொது. இடத்துக்கும் காலத்துக்கும் அதே சொல். “ஐந்து மணி வரை காத்திருந்தேன்”, “பள்ளிக்கூடம் வரை நடந்தேன்”, “முழங்கால் வரை தண்ணீர்”, “நான் இருக்கும் வரை கவலைப்படாதே” என்று சொல்லும்போது நமக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆங்கிலம் இந்த நான்கையும் நான்கு பெட்டிகளில் தனித்தனியாகப் போட்டு வைத்திருக்கிறது. நேரம் என்றால் ‘அன்டில்’ அல்லது ‘டில்’. போய்ச் சேர்ந்த இடம் என்றால் ‘ஆஸ் ஃபார் ஆஸ்’. மட்டம், உயரம், அதிகபட்ச எண்ணிக்கை என்றால் ‘அப் டு’. ஒரு நிலை நீடிக்கிற காலம் என்றால் ‘ஆஸ் லாங் ஆஸ்’.

“ஐ வாக்ட் அன்டில் த ஸ்கூல்” என்று எழுதுவது நம்மிடையே மிகவும் சாதாரணம். ‘வரை’ என்றவுடன் ‘அன்டில்’ என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்ததன் விளைவு அது. “ஐ வாக்ட் ஆஸ் ஃபார் ஆஸ் த ஸ்கூல்” என்பதுதான் சரி. ஆனால் வழி சொல்லும்போது “கோ ஸ்ட்ரெய்ட் அன்டில் யூ ரீச் த ஸ்கூல்” என்பது தவறில்லை, ஏனென்றால் அங்கே எல்லையாக நிற்பது பள்ளிக்கூடம் அல்ல, நீங்கள் அதை அடையும் நேரம். ‘ரீச்’ என்ற வினை வந்ததும் விஷயம் காலத்தின் பக்கம் போய்விடுகிறது.

இதைவிட விபரீதமானது ‘ஆஸ் லாங் ஆஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆஸ் ஃபார் ஆஸ்’ வருவது. “நான் உயிரோடு இருக்கும் வரை உன்னைப் பார்த்துக்கொள்வேன்” என்பதற்கு “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ லிவ்” என்று எழுதியிருந்தார் ஒருவர். மனசில் நினைத்தது எவ்வளவு பெரிய வார்த்தை, ஆங்கிலத்தில் அது அப்படியே தொலைந்துவிட்டது. உயிர் என்பது நீளும் காலம், எனவே ‘ஆஸ் லாங் ஆஸ் ஐ லிவ்’. “நீ பணம் கட்டும் பட்சத்தில்” என்று நிபந்தனை போடவும் ‘ஆஸ் லாங் ஆஸ்’தான். நிபந்தனைக்கு ‘ஆஸ் ஃபார் ஆஸ்’ ஒருபோதும் வராது.

‘டு’ என்று சொன்னாலே போதாதா? “ஐ வென்ட் டு த ரிவர்” என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதைப் புரியவைக்க வகுப்பில் நான் ஒரு வேலை செய்வேன். நடுவில் மேஜை, எதிர்ச்சுவரில் ஜன்னல். வாசலில் நின்றுகொண்டு, “ஜன்னலைத் திறக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு நடப்பேன். மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடுவேன். காலை எடுத்து வைக்க மாட்டேன், ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஓரிரு நொடியில் யாராவது “ஏன் நின்னுட்டீங்க?” என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வியை எழுப்புவதுதான் ‘ஆஸ் ஃபார் ஆஸ்’. “ஷி வென்ட் டு த டேபிள்” என்றால் மேஜைதான் அவள் போக நினைத்த இடம், போனாள், முடிந்தது. “ஷி வென்ட் ஆஸ் ஃபார் ஆஸ் த டேபிள்” என்றால் அதற்கு அப்பாலும் வழி இருந்தது, ஒருவேளை போகிற எண்ணமும் இருந்திருக்கலாம், ஆனால் மேஜையோடு நின்றுவிட்டாள். கேட்கிறவர் மனதில் அந்த அப்பால் தானாக வந்து நிற்கும்.

சரித்திரத்தில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. கி.மு. 326இல் அலெக்சாந்தர் பியாஸ் நதி வரை வந்தார், அதற்கு மேல் நடக்க அவருடைய படை மறுத்துவிட்டது. “அலெக்சாந்தர் கேம் ஆஸ் ஃபார் ஆஸ் த பியாஸ்” என்ற ஒரே வாக்கியத்தில் அவர் வந்ததும் இருக்கிறது, திரும்பியதும் இருக்கிறது. ‘டு’ போட்டால் திரும்பியது காணாமல் போய்விடும். புத்தகம் படிப்பதற்கும் இதே கணக்குத்தான்: “ஐ காட் ஆஸ் ஃபார் ஆஸ் பேஜ் ஃபார்ட்டி” என்றால் நாற்பதாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன் என்று பொருள்.

ஒப்பிடுவதற்கும் இதே தொடர் வருகிறதே, அதை எப்படிப் பிரித்து அறிவது?

“நோ ஸ்பேஸ்கிராஃப்ட் ஹேஸ் கான் ஆஸ் ஃபார் ஆஸ் வாயேஜர் ஒன்.” 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட வாயேஜர் 1 இப்போது நம்மிடமிருந்து 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது, மனிதர் செய்த வேறெந்தப் பொருளும் அவ்வளவு தூரம் போனதில்லை. இந்த வாக்கியத்துக்கு “வாயேஜர் வரை எந்த விண்கலமும் போகவில்லை” என்று பொருள் கொண்டால் தப்பு. “வாயேஜர் போன அளவு தூரம்” என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் வருவது நின்றுபோன இடமா, அல்லது அதுவும் நகர்கிற இன்னொரு ஆளா, பொருளா என்று பாருங்கள். நதி, பக்கம், மேஜை என்றால் ‘வரை’. வாயேஜர், உன் அண்ணன், நேற்று எறிந்த பந்து என்றால் ‘அளவு தூரம்’. ஒப்பிடும்போது ‘எவ்வளவோ அவ்வளவு’ என்ற அமைப்பு உள்ளே ஒளிந்திருக்கும். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளின் 103ஆம் சங்கீதத்தில் அது முழுசாகவே வெளியே தெரிகிறது, “ஆஸ் ஃபார் ஆஸ் த ஈஸ்ட் இஸ் ஃப்ரம் த வெஸ்ட், ஸோ ஃபார்…” என்று. “மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரமாய்” என்று தமிழில் படித்தவர்களுக்கு அந்த அமைப்பை நான் விளக்க வேண்டியதே இல்லை.

‘ஸோ ஃபார் ஆஸ்’ என்றும் பார்க்கிறேன். அது தவறா?

தவறில்லை. சொல்லப்போனால் ‘ஆஸ்’ என்பதே ‘ஸோ’வின் வாரிசு. பழைய ஆங்கிலத்தில் ‘முழுக்க அப்படியே’ என்ற பொருளில் ‘ஆல்ஸ்வா’ என்று ஒரு சொல் இருந்தது, அதாவது ‘ஆல்’லும் ‘ஸோ’வும் சேர்ந்தது. அது தேய்ந்து ‘ஆல்ஸோ’ ஆனது, இன்னும் தேய்ந்து ‘ஆஸ்’ ஆனது. மறுத்துச் சொல்லும்போது ‘ஸோ’தான் வர வேண்டும் என்று பழைய இலக்கண ஆசிரியர்கள் வற்புறுத்தினார்கள், இன்று யாரும் அதைக் கட்டாயமாக்குவதில்லை. “ஸோ ஃபார் ஆஸ் ஐ நோ” சற்றுப் பழைய வாசனையோடு இருக்கும், அவ்வளவுதான். பேச்சில் ‘ஆஸ் ஃபார் ஆஸ்’ போதும்.

எண்ணுக்கு முன்னால் போடலாமா? “ஆஸ் ஃபார் ஆஸ் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்” என்று?

போடலாம், ஆனால் அது வெறும் கணக்கு அல்ல, வியப்பு. சும்மா ஐந்து கிலோமீட்டர் நடந்ததைச் சொல்ல “ஐ வாக்ட் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்” போதும். “சத்தம் ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கேட்டது” என்கிற மாதிரி, அவ்வளவு தூரமா என்று கேட்கவைக்கும் இடத்தில்தான் “ஆஸ் ஃபார் அவே ஆஸ்” பொருந்தும். இதே குணம் உள்ள இரண்டு சகோதரத் தொடர்கள் உண்டு. “ஆஸ் ஃபார் நார்த் ஆஸ்” என்பது திசைக்கு: புலிகள் வடக்கே ரஷ்யாவின் அமூர் பகுதி வரைகூட வாழ்கின்றன. “ஆஸ் ஃபார் பேக் ஆஸ்” என்பது பின்னோக்கிப் போகும் காலத்துக்கு: ஹேலி வால்நட்சத்திரத்தைப் பற்றிய சீனக் குறிப்புகள் கி.மு. 240 வரை பின்னால் போகின்றன. காலத்துக்கு ‘ஆஸ் ஃபார் ஆஸ்’ வராது என்று மேலே சொன்னேனே, இந்த ‘பேக்’ சேர்ந்தால் வரும். காலத்தை ஒரு நீண்ட சாலையாக வைத்து அதில் திரும்பி நடக்கிறோம், அதனால்தான்.

“ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ” என்று சொன்னால் எனக்குச் சரியாகத் தெரியாது என்று அர்த்தமாகிவிடாதா?

ஆகாது. எனக்குத் தெரிந்ததன் ஓரம் இது என்று நேர்மையாகக் காட்டுகிறீர்கள். அந்த ஓரத்துக்கு இந்தப் பக்கம் உள்ளதற்கு நீங்கள் பொறுப்பு, அந்தப் பக்கம் உள்ளதற்கு இல்லை.

இதைச் சேர்ப்பதும் விடுவதும் எவ்வளவு வித்தியாசம் உண்டாக்கும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பணம் அனுப்பியாகிவிட்டதா என்று வெளியிலிருந்து மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். பதில் எழுதியவர் “எஸ், இட் ஹேஸ் பீன் சென்ட்” என்று ஒரே வரியில் அடித்து அனுப்பிவிட்டார். அவருக்குத் தெரிந்தது கையெழுத்து ஆனது மட்டும்தான், அதற்குப் பிறகு அந்தத் தாள் யாரோ ஒருவருடைய மேஜையில் இரண்டு நாள் கிடந்தது. மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து கோபமாக ஒரு போன் வந்தது, இவர் பொய் சொன்னதாக. அவர் பொய் சொல்லவே இல்லை, தெரிந்ததன் எல்லையைச் சொல்ல விட்டுவிட்டார். அந்த வரிக்கு முன்னால் “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ” என்று இருந்திருந்தால், படித்தவர் “சரி, எதற்கும் விசாரித்துப் பார்ப்போம்” என்று நினைத்திருப்பார்.

அதே சமயம், எல்லா வாக்கியத்துக்கும் முன்னால் இதை ஒட்டினால் எதையுமே உறுதியாகச் சொல்லாத ஆள் என்று பெயர் வந்துவிடும். கண்ணால் பார்த்ததற்கு வேண்டாம். கேள்விப்பட்டதற்கு, பாதி தெரிந்ததற்கு, மாறியிருக்கக்கூடியதற்குப் போடுங்கள்.

“ஐ நோ”, “ஐ கேன் டெல்”, “ஐ கேன் ஸீ”, “ஐ ரிமெம்பர்” எல்லாம் ஒன்றுதானா?

கோடு எங்கே விழுகிறது என்பது மாறும். ‘நோ’ என்றால் கையில் இருக்கும் தகவலின் எல்லை. ‘கேன் டெல்’ என்றால் பார்த்து, தொட்டு, கேட்டு நானாக ஊகித்ததன் எல்லை. பம்ப்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கையால் அதிர்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ கேன் டெல், பேரிங் போயிருக்கு” என்று சொல்லும் மெக்கானிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை. கழற்றிப் பார்த்த பிறகும் அதே தொடரைச் சொன்னால் நமக்குச் சந்தேகம் வரும்.

‘கேன் ஸீ’க்கு இரண்டு முகம். கடற்கரையில் நின்று சொன்னால் கண்ணுக்கு எட்டியவரை, கூட்டத்தில் உட்கார்ந்து சொன்னால் எனக்குப் படுவது. எது என்று இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

‘ரிமெம்பர்’ விஷயத்தில்தான் கவனம் வேண்டும். “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ ரிமெம்பர், கதவு பச்சை” என்றால் எனக்கு ஞாபகம் இருக்கிற வரை கதவு பச்சை, ஞாபகம் தப்பாகவும் இருக்கலாம். “ஃபார் ஆஸ் லாங் ஆஸ் ஐ கேன் ரிமெம்பர், கதவு பச்சை” என்றால் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது பச்சைதான், இதில் சந்தேகமே இல்லை. ஒன்று தயக்கம், ஒன்று உறுதி. மாற்றிப் போட்டால் பொருள் தலைகீழ்.

“ஆஸ் ஃபார் ஆஸ் மை நாலெட்ஜ்” என்று எழுதலாமா? எல்லோரும் எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள், தெரியும். ஆனாலும் அது அந்தரத்தில் தொங்குகிறது. ‘என் அறிவு வரை’ என்று சொல்லிவிட்டு நிறுத்திய மாதிரி, என் அறிவு எதுவரை என்ன செய்கிறது? ஒரு வினை வேண்டும். “ஆஸ் ஃபார் ஆஸ் மை நாலெட்ஜ் கோஸ்” என்றால் சரியாகிவிடும். அதைவிட எளிது “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ”. கொஞ்சம் முறைப்படி எழுத வேண்டுமா, “டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்” என்று எழுதுங்கள், உறுதிமொழிப் பத்திரங்களிலும் அதுதான் இருக்கும். “ஆஸ் பெர் மை நாலெட்ஜ்” வேண்டவே வேண்டாம், ‘ஆஸ் பெர்’ என்பது விதி, ஒப்பந்தம், உத்தரவு போன்றவற்றின்படி என்று சொல்வதற்கு.

ஒருவர் கேள்வி கேட்டு அதற்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் “நாட் ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ‘எனக்குத் தெரிஞ்சு இல்லை’ என்று நாம் சொல்வோமே, அதே தொனி.

“ஆஸ் ஃபார் ஆஸ் ஐ அம் கன்சர்ன்ட்” என்பதில் கவலை எங்கே வந்தது?

வரவே இல்லை. ‘கன்சர்ன்’ என்றால் கவலை என்று படித்ததால் வந்த குழப்பம் இது. அந்த வினைக்கு மூத்த பொருள் சம்பந்தப்படுவது. “த ஆஃபீசர்ஸ் கன்சர்ன்ட்” என்பதை ‘சம்பந்தப்பட்ட அதிகாரிகள்’ என்றுதானே மொழிபெயர்க்கிறோம், கவலைப்பட்ட அதிகாரிகள் என்று யாரும் எழுதுவதில்லை. அதே ‘கன்சர்ன்ட்’தான் இங்கேயும். என் சம்பந்தம் எதுவரையோ அதுவரை, அதாவது என்னைப் பொறுத்தவரை.

ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தக் கொடுத்திருந்தார்கள், அதில் “அவர் கவலைப்பட்டவரை அந்த வீடு விற்கப்பட்டாகிவிட்டது” என்று ஒரு வரி. மூன்று முறை படித்தும் எனக்குப் புரியவில்லை. அப்புறம் மூலத்தைப் பார்த்தேன்: “ஆஸ் ஃபார் ஆஸ் ஹி வாஸ் கன்சர்ன்ட், த ஹவுஸ் வாஸ் சோல்ட்.” அவரைப் பொறுத்தவரை வீடு விற்றாகிவிட்டது, பத்திரம் முடிந்ததோ இல்லையோ அவர் மனதில் அந்த வீடு இனி அவருடையது இல்லை. எவ்வளவு கனமான வரி! தமிழில் ‘அவரைப் பொறுத்தவரை’ என்று போட்டதும் அந்தக் கனம் அப்படியே வந்து உட்கார்ந்தது.

இலக்கணத்தில் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ கன்சர்ன்” தவறு, ‘அம்’ வேண்டும், ‘கன்சர்ன்ட்’ என்று முடிய வேண்டும். ஒருமை பன்மைக்கு ஏற்ப ‘இஸ்’, ‘ஆர்’ மாறும், நடந்து முடிந்த கதையானால் ‘வாஸ்’, ‘வேர்’. அப்புறம், ‘ஐ அம் கன்சர்ன்ட்’ என்று தனியாக வந்தால் அது கவலையேதான்.

அது முரட்டுத்தனமாகக் கேட்குமா?

சில இடங்களில் கேட்கும். ‘ஐ’ போட்டுச் சொல்லும்போது “மற்றவர்கள் என்ன நினைத்தாலும் சரி, நான் சொல்வது இதுதான்” என்று கதவைச் சாத்துகிற ஒரு சாயல் வரும். “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ அம் கன்சர்ன்ட், இட்ஸ் ஓவர்” என்றால் இனி பேச்சு இல்லை. நேர்காணலிலோ, மேலதிகாரியிடமோ கருத்துச் சொல்ல “இன் மை வியூ”, “ஐ திங்க்” போன்றவை இதமாக இருக்கும். ‘ஐ’க்குப் பதில் ஒரு விஷயத்தை வைத்தால் அந்தக் கடுமை இருக்காது: “ஆஸ் ஃபார் ஆஸ் த ஃபீஸ் ஆர் கன்சர்ன்ட்” என்றால் கட்டணத்தைப் பொறுத்தவரை, அவ்வளவே.

ஆனால் அதையும் தேவை இருந்தால் மட்டும். “ஆஸ் ஃபார் ஆஸ் த வெதர் இஸ் கன்சர்ன்ட், இட் இஸ் குட்” என்று எழுதுவதைவிட “த வெதர் இஸ் குட்” என்று எழுதிவிட்டுப் போகலாம். பல விஷயங்கள் பேச்சில் இருக்கும்போது அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்து எடுக்கவே இந்தத் தொடர். விலை பரவாயில்லை, தரம் பரவாயில்லை, நேரத்தைப் பொறுத்தவரைதான் பிரச்சினை என்கிற மாதிரி இடம். பக்கத்தை நிரப்ப இதைப் பயன்படுத்துபவர்களிடம் நான் கண்டிப்பாக இருப்பேன்.

கடைசியில் வரும் ‘இஸ் கன்சர்ன்ட்’டை விட்டுவிட்டுப் பேசுகிறார்களே, “ஆஸ் ஃபார் ஆஸ் த மணி, வீ ஆர் ஓகே” என்று?

ஆமாம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே அப்படிப் பேசுகிறார்கள். மொழியியலாளர் ஜான் ரிக்ஃபோர்டும் இன்னும் மூவரும் இந்த ஒரே விஷயத்தை ஆராய்ந்து 1995இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். வால் உதிர்வது எழுத்தைவிடப் பேச்சில் அதிகம் என்று காட்டினார்கள். நடுவில் வரும் பெயர்த்தொடர் நீளமாக இருந்தாலும் வால் சுலபமாக உதிர்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான், “போன மாதம் நாம் பேசிக்கொண்ட அந்தப் பழைய பாக்கிப் பணம்” என்று இழுத்துச் சொல்லி முடிக்கும்போது, ஆரம்பித்த வாக்கியத்துக்கு ஒரு வால் பாக்கி இருப்பதே பேசுபவருக்கு மறந்துபோகிறது.

மாறிக்கொண்டிருக்கும் மொழியை நான் தடுக்க விரும்பவில்லை. ஆனால் தேர்வு எழுதுகிறவருக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கும் நான் சொல்வது, எழுத்தில் வாலை விடாதீர்கள். வால் வேண்டாம் என்றால் “ஆஸ் ஃபார் த மணி” என்று எழுதுங்கள். இங்கே ‘ஃபார்’ வேறு, தூரத்தைச் சொல்லும் ‘ஃபார்’ அல்ல, நான்காம் வேற்றுமை மாதிரி வரும் ‘ஃபார்’. அது தனியாக நிற்கும், வால் கேட்காது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஆங்கில எழுத்தில் நடுவில் இருக்கும் உயிரெழுத்து வேறு.

‘இன் ஸோ ஃபார் ஆஸ்’ என்பது?

‘எந்த அளவுக்கோ அந்த அளவுக்கு மட்டும்’. “விதி பொருந்துகிற அளவுக்கு மட்டும் இதைப் பின்பற்றலாம்” என்பது போன்ற சட்டம், கல்வி சார்ந்த எழுத்தில் வரும். அமெரிக்கர்கள் முதல் மூன்று சொற்களையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவார்கள், பிரிட்டனில் பிரித்தும் எழுதுவதைப் பார்க்கலாம். பேச்சில் சொன்னால் விறைப்பாக இருக்கும்.

“ஐ வுடன்ட் கோ ஸோ ஃபார் ஆஸ் டு ஸே” என்பதை எங்கே பயன்படுத்துவது?

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. ஒருவர் “அவன் திருடன்” என்கிறார். நீங்கள் ஒத்துக்கொள்ளவும் இல்லை, முழுக்க மறுக்கவும் இல்லை. “திருடன் என்று சொல்லும் அளவுக்கு நான் போக மாட்டேன், ஆனால் கணக்கு சரியில்லை.” ஒத்துக்கொள்வதற்கும் மறுப்பதற்கும் நடுவே நிற்க ஓர் இடம் கிடைக்கிறது. கருத்தையும் ஒரு பாதையாகப் பார்க்கிறோம், அவர் கடைசி வரை போய்விட்டார், நீங்கள் பாதியில் நிற்கிறீர்கள், நின்ற இடத்தைச் சொல்கிறீர்கள்.

மறுக்காமல் சொன்னால் எதிர்பார்க்காத எல்லைக்குப் போனதைக் காட்டும். “ஷி வென்ட் ஸோ ஃபார் ஆஸ் டு ரிட்டர்ன் த கிஃப்ட்”: கோபம், பேசாமல் இருந்தாள், போனை எடுக்கவில்லை, கடைசியில் பரிசையே திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டாள். ‘டு’வுக்குப் பிறகு வினையின் மூல வடிவம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

‘ஆஸ் ஃபார் ஆஸ் பாஸிபிள்’?

முடிந்தவரை, இயன்றவரை. ஒப்பந்தத்தில் இதைப் பார்த்தால் கொஞ்சம் நின்று படியுங்கள். “முடிந்தவரை பத்து நாளில் கொடுப்போம்” என்பதும் “பத்து நாளில் கொடுப்போம்” என்பதும் ஒன்றல்ல. சீக்கிரமாக என்று சொல்ல வேண்டுமானால் இது உதவாது, அதற்கு ‘ஆஸ் ஸூன் ஆஸ் பாஸிபிள்’.

‘ஸோ ஃபார்’, ‘பை ஃபார்’ இவையும் இதே குடும்பமா?

ஆமாம். ‘ஸோ ஃபார்’ தனியாக நின்றால் இதுவரை, இன்னும் முடியவில்லை என்ற குறிப்போடு. ‘பை ஃபார்’ என்றால் மற்றவற்றை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு: “பை ஃபார் த பெஸ்ட்”. இரண்டாவது ஆளுக்கும் முதல் ஆளுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால்தான் இது பொருந்தும்.

“மை ஹவுஸ் இஸ் ஃபார்” என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?

சிரிப்பது அவர்கள் பண்பு, விடுங்கள். ‘ஃபார்’ கேள்வியிலும் மறுப்பிலும் இயல்பாக வரும்: “ஹவ் ஃபார்?”, “நாட் ஃபார்.” ‘டூ’, ‘ஸோ’, ‘ஆஸ்’ முன்னால் இருந்தாலும் வரும். நேராகத் தூரம் என்று சொல்ல மட்டும் “எ லாங் வே” அல்லது “ஃபார் அவே” என்பார்கள்.

எப்படி உச்சரிப்பது?

மூன்று சொல்லையும் தனித்தனியாக அழுத்த வேண்டாம். அழுத்தம் நடுவில் இருக்கும் ‘ஃபார்’ மீது மட்டும். இரண்டு ‘ஆஸ்’களும் சுருங்கி, ‘அஸ்’ என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு மெலிந்துவிடும், கடைசி ஒலியும் ‘ஸ்’ஸை விட அதிர்வோடு, வண்டு ரீங்காரம் போல இருக்கும். பிரிட்டனில் பலர் ‘ஃபார்’ தனியாக வரும்போது கடைசி ‘ர்’ரை விட்டுவிடுவார்கள், ஆனால் அடுத்து உயிரொலி வந்தால் அது திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் காதில் விழுவது ‘அஸ்-ஃபாரஸ்’ என்று இரண்டே துண்டு. “அஸ்-ஃபாரஸ் ஐ நோ” என்று பத்துத் தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்டுப் புரிந்துகொள்ள முடியாமல் தவித்தவர்கள் பலருக்கு, தாங்கள் மூன்று சொல்லுக்காகக் காத்திருந்ததுதான் காரணம் என்று இந்த இடத்தில்தான் தெரியவந்திருக்கிறது.